பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலை அடிகள்

பல்லாவரம் என்றதும் பலருக்கு வெள்ளிக்கிழமைச் சந்தைதான் நினைவுக்கு வரும். பெரும்பாக்கத்திலிருந்து அதிக தூரமில்லாத அந்த ஊரில்தான், மனதில் பட்டதை ஒளிக்காமல் சொன்ன ஒரு தமிழறிஞர் சுமார் 40 ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்தான் மறைமலை அடிகள்.

1876 ஜூலை 15 அன்று நாகப்பட்டினத்தில் பிறந்தார். இயற்பெயர் வேதாசலம். தந்தை இறந்ததால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் அவர் படிப்பதை நிறுத்தவில்லை. தமிழ், ஆங்கிலம், வடமொழி மூன்றிலும் தேர்ந்தார். பட்டம் எதுவும் இல்லாமலே 1898-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். இன்று தாம்பரத்தில் இருக்கும் அதே கல்லூரிதான். அப்போது அது ஜார்ஜ் டவுனில் இருந்தது.

பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லை என்று ஆனபோது வேலையை விட்டார். மாதச் சம்பளம் போனது. 1911-ல் குடும்பத்தோடு பல்லாவரத்துக்குக் குடிவந்து, அதே ஆண்டில் துறவும் ஏற்றார்.

1916-ல் மகள் நீலாம்பிகையோடு வள்ளலார் பாட்டு ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதில் வந்த 'தேகம்' என்ற இடத்தில் 'யாக்கை' என்ற தமிழ்ச்சொல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற எண்ணம் எழுந்தது. தனித்தமிழ் இயக்கம் அங்கேதான் தொடங்கியது என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் அவர் தன்னைத்தான் திருத்திக்கொண்டார். சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். அவர் நடத்திய 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆனது. முன்பு எழுதிய நூல்களிலும் மறுபதிப்பின்போது வடசொற்களை நீக்கினார். இத்தனைக்கும் அவர் வடமொழியை அறியாதவர் அல்லர். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழில் பெயர்த்தவர். தன் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதியவர்.

யாருக்காகவும் அவர் கருத்தை மாற்றிக்கொண்டதில்லை. தீவிர சைவர் என்பதால் சுயமரியாதை இயக்கத்தின் நாத்திகத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது, பெரியார் நின்ற அதே பக்கத்தில் நின்று போராடினார்.

1950 செப்டம்பர் 15 அன்று மறைந்தார். அவர் சேர்த்து வைத்த சுமார் 4,000 நூல்களைக் கொண்டு 1958-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஒரு நூலகம் திறக்கப்பட்டது.

முழுக்கத் தனித்தமிழில் எழுத முடியுமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அவரோடு உடன்படாதவர்களும் மறுக்க முடியாத விஷயம், சொன்னதை அவர் தன் வாழ்க்கையிலேயே செய்து காட்டினார் என்பதுதான்.