ஜாடோபெக்குக்கு இருந்தது வெறியா?

யாராவது ஒரு விளையாட்டு வீரர் ஜெயித்துவிட்டால் போதும், நம்ம ஆட்கள் உடனே எடுத்துவிடும் வார்த்தை 'வெறி'. "அவனுக்குள்ள ஒரு வெறி இருந்துச்சு சார்!" அவ்வளவுதான், விளக்கம் முடிந்தது. கொஞ்சம் நாகரிகமாகச் சொல்பவர்கள் 'வைராக்கியம்' என்பார்கள். திறமை உள்ள நூறு பேரில் ஒருவன் மட்டும் ஏன் உச்சிக்குப் போகிறான் என்ற கேள்விக்கு இதெல்லாம் பதிலே இல்லை என்பது என் கட்சி. இதற்கு நான் கூப்பிடும் சாட்சி செக் நாட்டு ஓட்டக்காரர் எமில் ஜாடோபெக்.

வேடிக்கை என்னவென்றால், வெறிக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவதே இவரைத்தான். பழைய போட்டோக்களைப் பாருங்கள். முகம் கோணி, நாக்கு தள்ளி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, யாரோ கத்தியால் குத்திவிட்ட மாதிரி ஓடிக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள்.

ஆள் 1922ல் மொராவியாவில் பிறந்தவர், தச்சரின் மகன். ஸ்லீன் நகரத்து பாட்டா ஷூ தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். (ஆமாங்க, நாம ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போன அதே பாட்டாதான். அதன் பூர்வீகம் அந்த ஊர்.) 18 வயதில் தொழிற்சாலை நடத்திய ஒரு ஓட்டப் பந்தயத்தில் ஓடச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று தப்பிக்கப் பார்த்தார். டாக்டரிடம் அனுப்பினார்கள், அவர் "நல்லாத்தான் இருக்கே, ஓடு" என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் ஓடி, சுமார் நூறு பேரில் இரண்டாவதாக வந்தார். இதில் வெறி எங்கே இருக்கிறது? வந்தது ஆர்வம். இதையும்தான் பார்த்துவிடுவோமே என்கிற ஆர்வம்.

அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் பரிசோதனை. அந்தக் காலத்தில் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் நெடுந்தூரம்தான் ஓடிப் பழகுவார்கள். இவரோ 400 மீட்டர் வேகமாக ஓடுவது, கொஞ்சம் மெதுவாக ஓடி மூச்சு வாங்குவது, மறுபடி 400 என்று ஒரே நாளில் இருபது தடவை, பின்னாளில் இன்னும் அதிகமாக ஓடினார். இது குறுந்தூரக்காரன் செய்யும் பயிற்சி என்று மற்றவர்கள் சிரித்தார்கள். மெதுவாக ஓட எனக்கு ஏற்கெனவே தெரியும், வேகமாக ஓடத்தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். எவ்வளவு எளிமையான தர்க்கம் பாருங்கள்! இந்த முறையை முதலில் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. 1930களிலேயே ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் இதைச் செய்திருக்கிறார். ஆனால் இந்த அளவுக்குக் கொண்டுபோய், எங்கே உடைகிறது பார்க்கலாம் என்று தன் உடம்பிலேயே சோதித்தவர் இவர். பட்டாளத்து பூட்ஸோடு ஓடினார். துவைக்கிற துணிகளைத் தொட்டியில் போட்டு அதன் மேல் நின்ற இடத்திலேயே ஓடினார். துணியும் வெளுத்தது, காலும் தேறியது.

இப்போது 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு வருவோம். 10,000 மீட்டரில் தங்கம். 5,000 மீட்டரில் கடைசிச் சுற்றில் நாலாவது இடத்துக்குப் போய், கடைசி வளைவில் மூன்று பேரையும் தாண்டித் தங்கம். (அதே நாளில் மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கியது தனிக்கதை.) அதோடு நிற்காமல் மாரத்தானிலும் பெயர் கொடுத்தார். வாழ்க்கையிலேயே அதுதான் அவருக்கு முதல் மாரத்தான்!

அன்றைக்கு ஜெயிப்பார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ். அந்த வருஷம்தான் 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் ஓடி உலகிலேயே வேகமான மாரத்தான்காரர் ஆகியிருந்தார். ஜாடோபெக் அவரைத் தேடிப்பிடித்து அறிமுகம் செய்துகொண்டு கூடவே ஓடினார். பாதி தூரம் வருவதற்குள், இந்த வேகம் அதிகமா என்று அவரிடமே கேட்டார். பீட்டர்ஸ் இவரைக் கவிழ்க்க நினைத்து, வேகம் போதாது என்று சொல்லி வைத்தார். சரி என்று இவர் முன்னால் போய்விட்டார்! பீட்டர்ஸுக்குத் தசை பிடித்துக்கொண்டு பந்தயத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. ஜாடோபெக் வழியில் போட்டோக்காரர்களோடும் போலீஸ்காரர்களோடும் அரட்டை அடித்துக்கொண்டே ஓடி, இரண்டரை நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தார்.

வெறிதான் காரணம் என்றால் பீட்டர்ஸிடம் அது குறைவா? 1954 வான்கூவர் போட்டியைப் பாருங்கள். கொளுத்தும் வெயிலில் மைதானத்துக்குள் நுழைந்தபோது இரண்டாவது ஆள் சுமார் 17 நிமிடம் பின்னால் இருந்தார். பீட்டர்ஸ் மெதுவாக நடந்து வந்திருந்தாலே தங்கம். ஆனால் வேகத்தைக் குறைப்பது அவர் சுபாவத்திலேயே இல்லை. விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, ஊர்ந்து, கடைசிக் கோட்டைத் தொடாமலேயே தூக்கிச் செல்லப்பட்டார். அதற்கப்புறம் அவர் பந்தயத்தில் ஓடவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கிற யாரும் அவருக்கு மனோபலம் இல்லை என்று சொல்ல முடியாது.

2002ல் டேனியல் கூல்ட் குழுவினர் பத்து அமெரிக்க ஒலிம்பிக் சாம்பியன்களிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தன்னம்பிக்கை, பதற்றத்தைச் சமாளிப்பது, கவனம், நம்பிக்கையோடு பார்ப்பது என்று பட்டியல் நீளுகிறது. எனக்குப் பிடித்தது அதில் 'விளையாட்டு அறிவு' என்று ஒன்றைத் தனியாகச் சொல்லியிருப்பது. ஜாடோபெக்கிடம் இருந்தது இதுதான் என்பேன். வலி அவருக்கு எதிரி இல்லை, தகவல். வலிக்கிறதா, சரி, இது எதனால், இன்னும் எவ்வளவு தாங்கும் என்று விசாரிக்கிற மனசு. வழி தெரியாவிட்டால் போட்டிக்காரனிடமே கேட்கக் கூச்சப்படாத மனசு.

இன்னமும் 'எஃகு மனசு' என்று அடம் பிடிப்பவர்களுக்கு 1968ஐ ஞாபகப்படுத்துகிறேன். சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் வந்தபோது ஜாடோபெக் தெருவில் நின்று எதிர்த்துப் பேசினார். கட்சியிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் வெளியேற்றினார்கள். ஊர் ஊராகப் போய்த் தரையில் துளை போடும் கூலி வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்து, நெருக்கடி தாங்காமல், தான் சொன்னதிலிருந்து பகிரங்கமாகப் பின்வாங்கினார். அவரோடு நின்றவர்களில் சிலருக்கு அது பெரிய ஏமாற்றம். எனக்கென்னவோ, இரும்பு மனுஷன் என்று நினைத்திருந்ததைவிட இப்போதுதான் அவரை அதிகம் பிடிக்கிறது.