கோபாலனின் இரண்டு பந்துகள்

விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் கையில் முதலில் அகப்படுவது பட்டியல்தான். இத்தனை ஆட்டம், இத்தனை ஓட்டம், இத்தனை கோப்பை. அமெரிக்கர்கள் தம் பேஸ்பாலுக்கு இதை ஒரு சாத்திரமாகவே ஆக்கிவைத்திருக்கின்றனர். ஆட்டக்காரர் மட்டையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறும். கணக்கு முதிர்ந்தவருக்குக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் உள்ள புகழ் மண்டபத்தில் வெண்கலப் பலகை வைப்பார்கள். அம்மண்டபத்துக்கான முதல் ஐவரை, பேப் ரூத்தும் டை காபும் அவர்களுள் அடக்கம், 1936-ல் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே 1936-ல் சென்னையைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரர் எடுத்த முடிவு ஒன்று, எந்தப் பட்டியலிலும் ஒழுங்காக உட்கார மறுக்கிறது. அவர் எம்.ஜே. கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர்.

எம். என்பது மொறப்பாக்கம், செங்கற்பட்டுப் பக்கத்து ஊர். ஊர்ப்பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துக்கொள்வது நமக்குப் புதிதன்று. நம் எம்.ரெட்டியபட்டியில் ஊருக்கே அப்படி ஓர் எம். இருக்கிறது. கோபாலனின் பெயரில் உள்ள ஜே. என்பது ஜோஸ்யம். பெயரிலேயே ஜோஸ்யத்தை வைத்திருந்தவருக்கு, 1936 ஆகஸ்டில் தங்கம் எந்தத் திசையில் கிடைக்கும் என்பது மட்டும் தெரியாமற் போயிற்று. அக்கதைக்குப் பின்னர் வருவோம்.

1909 ஜூன் 6 அன்று பிறந்தவர் என்கிறது பதிவேடு. உயரமான உடல்வாகு, வேகப்பந்து வீச்சு. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தையருள் ஒருவராக மதிக்கப்படும் ஆங்கிலேயர் சி.பி. ஜான்ஸ்டன் இவரைக் கண்டெடுத்து, பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கித் தந்து, திருவல்லிக்கேணி கிரிக்கெட் சங்கத்துக்கு ஆடவைத்தார். இந்த வேலை ஏற்பாட்டைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆடுவதற்கென்று சம்பளம் தருவது அன்று இந்தியாவில் வழக்கமில்லை. ஆட்டத் திறமையுள்ள இளைஞனுக்குக் கம்பெனி ஒன்று மேசையும் மாதச் சம்பளமும் தரும். அவன் ஆடப் போகும் நாள்களில் கண்டுகொள்ளாது. இந்த நாகரிகமான ஏற்பாட்டின் மீதுதான் சென்னை விளையாட்டு வெகுகாலம் நின்றது. அமெரிக்கப் பேஸ்பாலில் ஒப்பந்தத் தாளில் வெளிப்படையாக எழுதப்பட்டது இங்கே வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் மறைமுகமாக எழுதப்பட்டது எனலாம்.

கோபாலனின் டெஸ்ட் வாழ்வு நான்கு நாள். 1934 ஜனவரி 5 முதல் 8 வரை, கல்கத்தா ஈடன் தோட்டத்தில், டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக ஆடினார். ஆஸ்திரேலியரின் உடலை நோக்கிப் பந்துவீசச் செய்து உலகத்தையே அதிரவைத்த ஜார்டின், அதற்கு அடுத்த பருவத்தில் வந்திருந்த சமயம் அது. முஷ்டாக் அலி, சி.எஸ். நாயுடு, திலாவர் ஹுசேன் ஆகியோரும் அந்த ஆட்டத்தில்தான் அறிமுகமானார்கள். திலாவர் தலையில் அடிபட்டு வெளியேறி, கட்டுடன் திரும்பி வந்து, இரண்டு இன்னிங்ஸிலும் ஐம்பதைக் கடந்தார். அந்த ஆட்டம் குறித்து எழுதுவோர் அவரைத்தான் எழுதுவர். அதில் நியாயமும் உண்டு. கோபாலன் எடுத்தது இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ஓட்டம். வீழ்த்தியது ஒரே விக்கெட், கொடுத்தது 39 ஓட்டம். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னை மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் அதுவே. அமர் சிங் 86 ஓட்டம் கொடுத்து ஏழு விக்கெட் சாய்த்தும் இந்தியா தோற்ற ஆட்டம். சென்னையின் முதன்மை வேகப்பந்து வீச்சாளரான கோபாலன், தம் ஊரில் நடந்த அந்த ஆட்டத்தில் இல்லை. கல்கத்தாவுக்கு அழைத்தவர்கள் சேப்பாக்கத்துக்கு அழைக்கவில்லை. முகம்மது நிசார், அமர் சிங் என்று இரு பெரும் வேகப்பந்து வீச்சாளர் வாய்த்திருந்த காலத்தில் மூன்றாமவரின் விதி அதுதான். பின்னர் இந்தியாவுக்கு அப்படி ஓர் இணை அமையப் பல பத்தாண்டுகள் ஆயின; கோபாலனுக்கு நேர்ந்தது வீச்சாளர் நிறைந்திருந்த காலத்தில் பிறந்த குறை.

ஆனால் அதே 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் பந்து அவர் கைக்கு வந்தது. முந்தைய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் பெயரால் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் அளித்த கோப்பைக்கான முதல் ஆட்டம். சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர் கோபாலன். எதிர்கொண்டவர் மைசூரின் கர்ட்டிஸ். அன்று மைசூர் 48, சென்னை 130, மறுபடியும் மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து, இன்னிங்ஸும் 23 ஓட்டமும் வித்தியாசத்தில் சென்னை வென்றது. ஆட்ட நாயகர் என்று ஒருவரைச் சொன்னால் அது ஏ.ஜி. ராம் சிங்தான், 35 ஓட்டத்துக்குப் பதினொரு விக்கெட். அந்த ராம் சிங்குக்கு ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட வாய்க்கவில்லை என்பதையும், அவர் மக்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பிற்காலத்தில் டெஸ்ட் ஆடினார்கள் என்பதையும் இங்கே ஓரமாகக் குறித்து வைப்போம்.

ரஞ்சிக் கோப்பையில் இன்றுவரை வீசப்பட்ட பந்துகளை எண்ணி மாளாது. அவற்றுள் ஒன்றாம் எண் கோபாலனுடையது. இதைச் சாதனை என்று சொல்லலாமா? யாரேனும் ஒருவர் முதலில் வீசித்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் புதுப் பந்தை யாரிடம் கொடுப்பது என்பது தலைவர் எடுக்கும் முடிவு. ஜான்ஸ்டன் அன்று அதைக் கோபாலனிடம் கொடுத்தார்.

இனி ஹாக்கி. 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற இந்திய அணியில் கோபாலன் இருந்தார். 48 ஆட்டம், 584 கோல் என்கின்றன அச்சுற்றுப்பயணத்தின் பதிவுகள். 1928, 1932 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வென்று வந்த கூட்டம்; அடுத்தது பெர்லின். அந்த அணியில் ஒருமுறை இடம் பெற்றுவிட்டவருக்கு, பெர்லின் கப்பலில் ஏறும் வாய்ப்பு நல்லதாகவே இருந்தது.

1936 கோடையில் கிரிக்கெட் அணியும் இங்கிலாந்துக்குப் புறப்படுவதாயிற்று. இரண்டு கப்பல், ஒருவர் ஒன்றில்தான் ஏற முடியும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

கரிசல் காட்டில் இந்தச் சிக்கல் புரியாதவர் இல்லை. பருத்தியும் மிளகாயும் வீடு வந்து சேர்ந்த பிறகு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஊர்களில் ஆட்டப் போட்டிகளின் பருவம் தொடங்கும். வற்றிய கண்மாயின் கரம்பைத் தரையில் கார்க் பந்துக் கிரிக்கெட். அடுத்த ஊர் மந்தையில் கபடி. இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால், இரண்டிலும் கைதேர்ந்த இளைஞனுக்கு அன்று காலை வரை உறக்கம் இராது. எந்த ஊர்க் கோப்பை பெரிது, எந்த அணியில் தனக்கு நிச்சயம் இடம் உண்டு, எந்த அணியினர் பிறகு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று பலவும் எண்ணிப் பார்ப்பான். கோபாலனின் முன் கிடந்ததும் இதே வகைக் கணக்குத்தான். அளவு மட்டும் பெரிது.

விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையில் சென்ற அந்தக் கிரிக்கெட் அணி, பூசல்களால் இன்றும் நினைக்கப்படுகிறது. டெஸ்டுகள் தொடங்குமுன்பே லாலா அமர்நாத் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டில் இந்தியா இரண்டைத் தோற்றது. கோபாலனுக்கு மூன்றில் ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. அதே அணியில் சென்றிருந்த மற்றொரு சென்னைக்காரர் கோட்டா ராமசாமி. 1922-லேயே டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடியவர். நாற்பது வயதில், மான்செஸ்டரில், முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று எடுத்தார். இரு ஆட்டங்களை ஆண்டவர்களுள் ஒருவருக்கு அந்தப் பயணம் தந்ததை மற்றவருக்குத் தரவில்லை.

தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது நமக்கு மனம் கனக்கிறது. பெர்லினில் ஹாக்கி இறுதியாட்டம் மழையால் ஒரு நாள் தள்ளி 1936 ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. ஜெர்மனியை இந்தியா 8–1 என்று வென்றது. லண்டன் ஓவல் திடலில் கடைசி டெஸ்ட் தொடங்கியதும் அதே ஆகஸ்ட் 15, அதே சனிக்கிழமை. அங்கே இங்கிலாந்தின் வாலி ஹாமண்ட் 217 ஓட்டம் குவித்தார். கோபாலன் பெர்லின் அணியிலும் இல்லை, ஓவல் பதினொருவரிலும் இல்லை.

இந்த இடத்தில் ஜிம் தார்ப்பை நினையாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்கத் தொல்குடியைச் சேர்ந்த தார்ப், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். அதற்கு முன், 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவின் சிறு பேஸ்பால் அணிகளில் சொற்பப் பணத்துக்கு ஆடியிருந்தார் என்று கண்டுபிடித்து, 1913-ல் பதக்கங்களைப் பறித்தனர். அவர் பெரிய பேஸ்பால் அணிகளுக்குச் சென்று 1919 வரை 289 ஆட்டம் ஆடினார். 1953-ல் இறந்தார். 1982-ல் பெயர் மீட்கப்பட்டது, அதுவும் கூட்டு வெற்றியாளராக. 2022-ல்தான் தனி வெற்றியாளராக ஏற்றார்கள். பேஸ்பாலால் அவருக்கு வந்த தங்கம் போயிற்று. கிரிக்கெட்டால் கோபாலனுக்கு வரக்கூடிய தங்கம் வராமற் போயிற்று. ஆனால் தார்ப்புக்கு இழைத்தது அநீதி, மீட்க வழியிருந்தது. தாமே தேர்ந்து இழந்ததற்கு எந்தக் குழுவிடம் மனுச் செய்வது?

முட்டாள்தனமான தேர்வு என்று பின்னாளில் எழுதியவர்கள் உண்டு. நாம் உடன்படவில்லை. இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கியதே 1932-ல். இங்கிலாந்துப் பயணம் என்பது அன்றைய கிரிக்கெட்டாளனின் கனவு. ஆகஸ்டில் நிகழ்ந்ததை வைத்து அதற்கு மாதங்கள் முன்னால் எடுத்த முடிவை எடைபோடுவது வரலாறு எழுதும் முறையன்று. அதேவேளை இழப்பு இழப்பே; பூசி மெழுகத் தேவையில்லை.

முதல்தர ஆட்டக் கணக்கு அவருக்குச் சற்றுக் கருணை காட்டுகிறது: 78 ஆட்டம், மூவாயிரத்துக்குச் சிறிது குறைவான ஓட்டம், ஒரு சதம், 194 விக்கெட். ஐம்பதுகளின் தொடக்கத்தில் களம்விட்டுத் தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். அர்ஜுனா விருது தோன்றியது 1961-ல். அதற்குள் அவர் ஆட்டம் முடிந்து பல ஆண்டு ஆகியிருந்தது.

எனினும் அவருக்கு வாய்த்தது ஒன்று உண்டு. நம் ஊர்ப் போட்டிகளில் சுழற்கோப்பைக்கு வைக்கும் பெயர் பெரும்பாலும் காலமான ஒரு தகப்பனாருடையது. 'நினைவு' என்ற சொல் தவறாமல் இருக்கும். கோபாலனின் கால் நூற்றாண்டு ஆட்டத்தைச் சிறப்பிக்க 1952-53 பருவத்தில் அவர் உயிரோடிருக்கும்போதே கோபாலன் கோப்பை ஏற்பட்டது. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையிலான ஆட்டம் அது. உறவு முன்பே இருந்தது: 1947-ல் இலங்கைத் தமிழர் மகாதேவன் சதாசிவம் சேப்பாக்கத்தில் 215 எடுத்ததைப் பழைய சென்னை ரசிகர்கள் மறக்கவில்லை. கோபாலன் கோப்பை அந்த உறவை வழக்கமாக்கியது. டெஸ்ட் தகுதி இல்லாதிருந்த இலங்கையருக்கு, வெளிநாட்டு அணியொன்றோடு தொடர்ந்து முதல்தர ஆட்டம் ஆடும் அரிய களம் இதுவே. 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியபோது, அந்நாட்டின் இரண்டு தலைமுறையினர் கோபாலன் பெயர் பொறித்த கோப்பைக்காகச் சேப்பாக்கத்திலும் கொழும்பிலும் பழகியிருந்தார்கள். அதன்பின் இயல்பாகவே அப்போட்டியின் தேவை குறைந்தது.

2003 அக்டோபர் 31 அன்று நியூசிலாந்தின் லிண்ட்சே வியர் மறைந்தார். அன்று முதல், உயிரோடிருக்கும் டெஸ்ட் ஆட்டக்காரர்களில் மூத்தவர் என்ற இடம் ஒரே டெஸ்ட் ஆடிய கோபாலனுக்கு வந்தது. ஏழு வாரம் அது அவரிடம் இருந்தது. டிசம்பர் 21 அன்று சென்னையில் அவர் காலமானபோது வயது 94.