மாமல்லபுரம் அருச்சுனன் தபசு: மகாபாரதமும் சிற்பமும்

அருச்சுனன் தபசு என்பது தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் கடற்கரை ஊரில், திறந்த வெளியில் உள்ள பெரும் பாறைப் புடைப்புச் சிற்பத் தொகுதி ஆகும். பல்லவர் காலத்தைச் சேர்ந்த இது, பகீரதன் தவம் எனவும் கங்கை இறங்குதல் எனவும் அழைக்கப்படுகிறது. ஒரே சிற்பத்துக்கு இரு பெயர்கள் வழங்குவதற்குக் காரணம், அது எந்தக் கதையைச் சொல்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே நூறாண்டுகளுக்கும் மேலாக நிலவும் கருத்து வேறுபாடாகும். சிற்பத்தில் காட்சியின் பெயரைக் கூறும் கல்வெட்டு எதுவும் இல்லை. ஆகவே, கதையை அடையாளம் காண்பதற்குக் காப்பியத்தையும் சிற்பத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே முதன்மையான வழியாக இருந்து வருகிறது. இக்கட்டுரை அந்த ஒப்பீட்டைப் பற்றியது.

சிற்பத்தின் அமைப்பு

அருகருகே நிற்கும் இரு பெரும் பாறைகளின் கிழக்கு நோக்கிய முகப்பில் இச்சிற்பம் செதுக்கப்பட்டுள்ளது. நீளம் ஏறத்தாழ 30 மீட்டர். உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் இதில் உள்ளன. இரு பாறைகளுக்கும் இடையே இயற்கையாக அமைந்த பிளவில் படம் விரித்த நாகர்கள் கைகூப்பியவாறு மேலெழுகின்றனர். பாறையின் உச்சியில் நீரைத் தேக்கிப் பிளவின் வழியே வழியவிட ஏற்பாடு இருந்ததற்கான தடயங்கள் காணப்படுகின்றன. தேவர், கந்தருவர், கின்னரர், வேடர், முனிவர், விலங்குகள் எனச் சிற்பத்திலுள்ள ஏறக்குறைய எல்லாரும் இந்தப் பிளவை நோக்கியே திரும்பியிருக்கின்றனர்.

பார்ப்போரின் இடப்புறத்தில், பிளவுக்கு அருகே மேற்பகுதியில், எலும்பும் நரம்பும் தெரிய மெலிந்த தாடியுடைய தவசி ஒருவர் ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறார். அவருக்கும் பிளவுக்கும் இடையில் நான்கு கைகளுடன் சிவபெருமான் நிற்கிறார். ஒரு கை வரம் அளிக்கும் நிலையில் உள்ளது. சுற்றிலும் பூதகணங்கள் உள்ளன. கீழே திருமால் நிற்கும் சிறு கோயிலும், அதன் முன் தவத்தில் அமர்ந்த முதிய முனிவரும், ஆற்றங்கரையில் துணி பிழிபவர், நீர்க்குடம் சுமப்பவர் முதலியோரும் காணப்படுகின்றனர். வலப்புறப் பாறையின் கீழ்ப்பகுதியைக் கன்றுகளுடன் கூடிய இரு பெரும் யானைகள் நிறைத்து நிற்கின்றன. இடப்புறத்தின் கீழ்ப்பகுதி முற்றுப்பெறவில்லை.

இதனை முதலாம் நரசிம்மவர்மனின் (பொ. ஊ. 630-668) காலத்துப் பணியாகக் கொள்வதே பெருவழக்கு. மாமல்லபுரத்துச் சின்னங்கள் அனைத்தும் இராசசிம்மனுடையவை என இரா. நாகசாமி 1962 இல் வாதிட்டார். மாமல்லபுரத்தின் பல்லவர் சின்னங்கள் 1984 இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

வன பருவத்தில் அருச்சுனன் தவம்

மகாபாரதத்தின் மூன்றாவது பருவமான வன பருவத்தில் கைராதம் எனப்படும் பகுதி உள்ளது. பாண்டவர் காட்டில் வாழும் காலத்தில், வரப்போகும் போருக்குத் தெய்வப் படைக்கலங்களைப் பெறுவதற்காக அருச்சுனன் இமயத்துக்குச் செல்கிறான். அவனது தவத்தைக் காப்பியம் மாதக் கணக்கில் விவரிக்கிறது. முதல் மாதம் மூன்று இரவுகளுக்கு ஒருமுறை பழம் உண்கிறான்; இரண்டாம் மாதம் அதன் இரு மடங்கு இடைவெளியில் உண்கிறான்; மூன்றாம் மாதம் அரைமாதத்துக்கு ஒருமுறை, தரையில் உதிர்ந்த சருகே உணவு; நான்காம் மாதம் காற்றே உணவு. அப்போது அவன் கைகளை உயர்த்தி, பற்றுக்கோடின்றி, கால் பெருவிரல் நுனியில் நிற்கிறான்.

இத்தவத்தின் வெம்மையைத் தாங்காத முனிவர்கள் சிவனிடம் முறையிடுகின்றனர். சிவன் வேடனாகவும் உமை வேட்டுவிச்சியாகவும் வடிவெடுத்து வருகின்றனர். பன்றி வடிவில் அருச்சுனனைக் கொல்ல வந்த மூகன் என்னும் அசுரன்மேல் இருவரும் ஒரே நேரத்தில் அம்பு எய்கின்றனர். வேட்டை யாருடையது என்ற சொற்போர் விற்போராகவும் பின்னர் மற்போராகவும் மாறுகிறது. தோற்றுத் தளர்ந்த அருச்சுனன் மண்ணால் சிவனுருச் செய்து மாலை சாத்துகிறான். அந்த மாலை வேடனின் தலையில் இருக்கக் கண்டு உண்மையை உணர்கிறான். அதன்பின் பாசுபதம் வழங்கப்படுகிறது. கதையின் உச்சம் தவம் அன்று. மாலை இடம் மாறிய அந்தக் கணமே ஆகும். இக்கதையைப் பதினெட்டுச் சருக்கங்களில் விரித்த பாரவியின் கிராதார்ச்சுனீயமும் போரையே விரிவாகப் பாடுகிறது. பாரவியின் பெயர் பொ. ஊ. 634 ஆம் ஆண்டின் ஐகொளெக் கல்வெட்டில் குறிப்பிடப்படுவதால், அக்காப்பியம் சிற்பத்துக்கு முற்பட்டது எனக் கொள்ளலாம்.

சிற்பத்தில் உள்ளவையும் இல்லாதவையும்

மேற்கண்ட கதையைச் சிற்பத்தோடு ஒப்பிடும்போது, முதலில் கண்ணில் படுவது இல்லாதவையே. அம்பு பாய்ந்து விழும் பன்றி இல்லை. வேடனுக்கும் அருச்சுனனுக்கும் நடந்த போர் இல்லை. உமை இல்லை. சிவன் வேட வடிவில் இல்லை. தவசியிடம் காண்டீபமும் இல்லை. பாரவியின் காப்பியத்திலோ படைக்கலம் தாங்கியபடியே தவம் செய்வது அருச்சுனனுக்குரிய தனித்தன்மையாகப் பேசப்படுகிறது. அருச்சுனனுக்கும் சிவனுக்கும் நடந்த போரைப் பல்லவச் சிற்பிகள் செதுக்க விரும்பியபோது தெளிவாகவே செதுக்கினர் என்பதற்குக் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் உள்ள கிராதச் சிற்பம் சான்றாகும். சாளுக்கியரின் பட்டடக்கல் விருபாட்சர் கோயில் தூணிலும் இக்கதை நிகழ்ச்சி நிகழ்ச்சியாகச் செதுக்கப்பட்டுள்ளது.

அருச்சுனன் தரப்புக்குத் துணை நிற்பவையும் உண்டு. இடப்புறப் பாறையில் காட்டு வழியே வில்லுடன் வேடர்கள் செல்கின்றனர். சிவனைச் சூழ்ந்த கணங்களுள் ஒன்று வயிற்றில் முகம் உடையது. அதனைப் பாசுபதத்தின் உருவம் என்பர். கீழேயுள்ள திருமால் கோயிலைப் பதரி ஆசிரமமாகக் கொண்டால், நரன், நாராயணன் என்னும் இரட்டை முனிவருள் நரனே அருச்சுனனாகப் பிறந்தான் என்னும் மகாபாரதக் கருத்தோடு அது பொருந்தும். தி. நா. இராமச்சந்திரன் 1950-51 இல் வெளியிட்ட விரிவான கட்டுரை இத்தரப்பின் முதன்மையான ஆக்கமாகும்.

கங்கை இறங்குதல் என்னும் கருத்து

விக்டர் கொலூபெவ் என்னும் அறிஞர் 1914 இல், இச்சிற்பத்தின் நடுநாயகம் தவசி அல்ல, பிளவே என்று சுட்டிக்காட்டினார். எல்லா உருவங்களும் நோக்கும் இடத்தில் நீர் பாய்ந்தது என்றால், அது கங்கை. தவம் செய்பவன் பகீரதன். கபில முனிவரின் சினத்தால் சாம்பலான சகரனின் மைந்தர்கள் நற்கதி பெற, பகீரதன் விண்ணுலகக் கங்கையை மண்ணுக்குக் கொண்டுவந்த கதை இராமாயணத்தின் பால காண்டத்தில் இடம்பெறுகிறது. இதே கதை மகாபாரதத்தின் வன பருவத்திலும் வருகிறது என்பது பலரால் கவனிக்கப்படாத செய்தி. இரு தவங்களும் ஒரே பருவத்தில் அமைந்திருப்பதால், சிற்பத்தைப் பகீரதனுடையதாகக் கொண்டாலும் மகாபாரதத்தோடு அதற்குள்ள உறவு அற்றுப்போவதில்லை.

இக்கருத்தின் வலிமை நீரிலும் நாகர்களிலும் உள்ளது. அருச்சுனன் கதையில் ஓர் ஆறு நடுவிடம் பெறுவதற்குக் காரணமே இல்லை. எனினும் இங்கும் இல்லாதவை உண்டு. கங்கையைத் தாங்கும் சிவன் தன் சடையின் ஒரு புரியை நீட்டிப் பிடித்திருப்பது கங்காதர வடிவத்தின் இலக்கணம். மகேந்திரவர்மன் திருச்சிராப்பள்ளி மலைக்குகையில் செதுக்குவித்த கங்காதரர் இவ்வாறே உள்ளார். ஒரு தலைமுறை கடந்து மாமல்லபுரத்தில் அதே மரபினர் அமைத்த சிவன் சடையை நீட்டவில்லை. வரம் தரும் கையுடன் நிற்கிறார். பெண்ணுருவான கங்கையும் இல்லை.

தவசியின் நிலையும் தீர்ப்பு வழங்குவதில்லை. இராமாயணத்தில் பகீரதன் முதலில் கைகளை உயர்த்திய தவமும், பின்னர் சிவனை வேண்டிப் பெருவிரல் நுனியில் ஓராண்டு நின்ற தவமும் செய்கிறான். அருச்சுனனும் கை உயர்த்திப் பெருவிரல் நுனியில் நின்றவனே. இரு நூல்களும் தத்தம் தவசிக்கு ஏறத்தாழ ஒரே சொற்களை வழங்குகின்றன. சிற்பியோ இரண்டையும் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றாமல் ஒற்றைக்காலில் நிறுத்தியுள்ளார்.

தவம் செய்யும் பூனை

வலப்புறத்தில் பெரிய யானையின் தந்தங்களுக்குக் கீழே ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறது. அதன் விலா எலும்புகளும் தெரிகின்றன. சுற்றிலும் எலிகள், அவற்றுள் சில அதனை வணங்குகின்றன. மேலே உள்ள தவசியின் நிலையை அப்படியே திருப்பிச் செய்யும் இந்தப் பூனையைச் சிரிப்புக்காகச் சேர்க்கப்பட்டதாகக் கருதி விட்டுவிடுவோர் பலர். ஆனால் காப்பியத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்தும் உருவம் இத்தொகுதியில் இதுவே எனலாம்.

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், போருக்கு முன் துரியோதனன் உலூகனைப் பாண்டவரிடம் தூது அனுப்புகிறான். தருமனிடம் கூறுமாறு அவன் சொல்லி அனுப்பும் பழிப்புரையில், வழக்கிலுள்ள பாடங்களின்படி, ஒரு பூனைக் கதை வருகிறது. கங்கைக் கரையில் ஒரு பூனை கைகளை உயர்த்தி நின்று, கொலையை விட்டுவிட்டதாகக் கூறிக்கொண்டது. நாளடைவில் பறவைகள் அதனை நம்பின. எலிகள் அதனிடம் அடைக்கலம் புகுந்தன. தவத்தால் நடக்க இயலவில்லை, நாள்தோறும் என்னை ஆற்றுக்குக் கொண்டு செல்லுங்கள் என்றது பூனை. எலிகள் குறைந்தன, பூனை கொழுத்தது. உண்மையறியத் துணிந்து பூனையுடன் சென்ற டிண்டிகன் என்னும் எலியும் உண்ணப்பட்ட பின்னரே மற்றவை விழித்துக்கொண்டு ஓடின. தருமனின் அறவுரையும் இந்தப் பூனையின் நோன்பு போன்றதே என்பது துரியோதனனின் ஏளனம்.

பொய்த்தவப் பூனை இந்திய நூல்கள் பலவற்றில் வருவதுதான். ஆனால் பஞ்சதந்திரத்தில் பூனையிடம் வழக்குரைக்கச் சென்று மாட்டிக்கொள்வன முயலும் பறவையும், எலிகள் அல்ல. உயர்த்திய கைகள், ஆற்றங்கரை, அடைக்கலம் புகுந்த எலிகள் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்வது உத்தியோக பருவக் கதையில்தான்.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. கதை மகாபாரதத்தைச் சேர்ந்தது என்பதால் பூனை அருச்சுனன் தரப்புக்குச் சான்றாகிறது. அது நின்ற இடம் கங்கைக்கரை என்பதால் பகீரதன் தரப்புக்கும் சான்றாகிறது. இரு தரப்பினரும் பூனையைத் தமக்கே உரிமை கொண்டாடியுள்ளனர். வேறொரு நோக்கிலும் இதனைக் காணலாம்: காப்பியத்தில் பகைவன் வாய்மொழியாக, பாண்டவரைப் பழிக்க வந்த கதை, கல்லில் உண்மைத் தவசிக்கு எதிரே வைக்கப்பட்டுள்ளது. மெலிந்த உடலும் உயர்த்திய கையும் மட்டும் தவத்துக்கு அடையாளம் ஆகா என்பதை இவ்விரு உருவங்களும் சேர்ந்து காட்டுகின்றன. ஏளனம் செய்தவனின் கதையைச் சிற்பி அவன் நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

இருபொருள் கருத்து

அண்மைக் காலத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டியதில்லை என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது. பத்மா கைமல் 1994 இலும், மைக்கேல் ரேப் 1997 இலும் வெளியிட்ட ஆய்வுகளில், சிற்பத்தின் இருபொருள் தன்மை தற்செயலானது அன்று என வாதிட்டனர். ஒரே தொடரில் இரு பொருள்களை அமைக்கும் சிலேடை அக்கால வடமொழி அரசவைகளில் போற்றப்பட்டது. பல்லவரின் மெய்கீர்த்திப் பாடல்களிலும் அது பயில்கிறது. அவ்வாறே கல்லிலும் சிலேடை அமைத்து, அரசனின் புகழை இச்சிற்பம் பாடுகிறது என்பது ரேப்பின் கொள்கை. முடிவு செய்ய இயலாதபோது இரண்டும் சரி எனக் கூறும் எளிய வழி இது என்று தோன்றினாலும், இரு கதைகளுக்கும் தனித்தனியே உரிய அடையாளங்கள் அனைத்தும் விடப்பட்டு, இரண்டுக்கும் பொதுவானவை மட்டும் எஞ்சியிருப்பதை வேறு எக்கருத்தும் இந்த அளவு விளக்குவதில்லை.

பல்லவர் தம் செப்பேடுகளில் துரோணர், அசுவத்தாமன் வழியில் வந்தவர்களாகத் தம்மைக் கூறிக்கொண்டனர். அருச்சுனன் துரோணரின் தலைசிறந்த மாணாக்கன். அசுவத்தாமனோ பாண்டவர் புதல்வரைக் கொன்றவன். எனவே அருச்சுனன் வெற்றிக்கு வழிவகுத்த பாசுபதத்தை இம்மரபினர் கொண்டாடியிருப்பின், அதனைக் குலப்பெருமையாக மட்டும் கொள்வது கடினம்.

கேட்ட காப்பியமும் கண்ட சிற்பமும்

சிற்பிகளும் மக்களும் மகாபாரதத்தை ஏட்டில் படித்தே அறிந்தனர் எனக் கருத வேண்டியதில்லை. நரசிம்மவர்மனின் பெயரனான முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, கூரத்துக் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்காகப் பங்கு ஒதுக்கியதைக் குறிப்பிடுகிறது. ஏழாம் நூற்றாண்டுத் தொண்டை நாட்டில் காப்பியம் வாய்விட்டுப் படிக்கப்பட்டுக் காதால் கேட்கப்பட்டது என்பதற்கு இது நேரடிச் சான்றாகும். அதே நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பார்த்தனுக்குச் சிவன் பாசுபதம் அளித்ததைத் தேவாரத்தில் பலமுறை பாடியுள்ளனர். சிதம்பரத்துக்கு அருகிலுள்ள திருவேட்களம் பாசுபதேசுவரர் கோயில், அருச்சுனன் தவம் செய்த தலமாகவே போற்றப்படுகிறது. பிற்காலத்தில் வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் அருச்சுனன் தவநிலைச் சருக்கம் என ஒரு சருக்கமே அமைத்தார். பகீரதன் தவம் என்னும் பெயர் ஆய்வுலகில் வேரூன்றிய பின்னும், இப்பகுதி மக்களிடையே அருச்சுனன் பெயரே நிலைத்திருப்பதற்கு இந்த நீண்ட வழக்கு ஒரு காரணமாகலாம்.

மாமல்லபுரத்திலேயே சிறிது தொலைவில், இதே காட்சியைக் கொண்ட மற்றொரு பாறைச் சிற்பம் முற்றுப்பெறாத நிலையில் உள்ளது. அது குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது.