ஏரிக்கரையில் ஒரு கோடைப் பள்ளி

2022 ஆகஸ்ட் 12 அன்று சல்மான் ருஷ்டி மேடையில் கத்தியால் குத்தப்பட்ட செய்தியை நாமெல்லோரும் படித்தோம். அது நிகழ்ந்த இடத்தின் பெயர் செய்தியின் ஓரத்தில் வந்து போயிற்று. ஷட்டாக்வா. நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில், அதே பெயருடைய ஏரியின் கரையில் உள்ள சிற்றூர் அது. ஒரு நாவலாசிரியர் அங்கே எதற்காகப் போனார் என்று தேடப் புகுந்தால், ஒன்றரை நூற்றாண்டு நீளமுள்ள கோடைக்காலக் கல்வியின் கதை ஒன்று அகப்படுகிறது.

1874 ஆகஸ்டில் இருவர் அந்த ஏரிக்கரைத் தோப்பில் ஒரு கூட்டத்தைக் கூட்டினர். ஒருவர் ஜான் ஹெய்ல் வின்சென்ட், மெதடிஸ்ட் போதகர். மற்றவர் லூயிஸ் மில்லர், அறுவடை இயந்திரங்கள் செய்து பொருளீட்டிய ஓஹியோக்காரர். ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி அளிப்பதே நோக்கம். கரையோரமாகப் பாலஸ்தீனத்தின் நில அமைப்பைக் குன்றும் ஆறுமாக மண்ணில் வனைந்து, ஏரியையே மத்தியதரைக் கடலாக வைத்துக்கொண்டு, நடந்தபடியே விவிலிய நிலவியல் கற்பித்தனர். தேர்வுத்தாள் திருத்துவதிலேயே கோடையைத் தொலைக்கும் ஆசிரியர்களாகிய நமக்கு இதைப் படிக்கையில் சற்றே பொறாமை எழுவது இயல்புதான்.

விரைவில் சமயப் பாடத்தோடு மொழிகள், அறிவியல், இசை எனப் பலவும் சேர்ந்தன. ஆயினும் நம்மை நிறுத்தி வைப்பது 1878 இல் வின்சென்ட் தொடங்கிய வாசிப்பு வட்டம். வின்சென்டுக்குக் கல்லூரிப் படிப்பு வாய்க்கவில்லை. அந்தக் குறை வாழ்நாள் முழுவதும் அவரை உறுத்தியது. ஏரிக்கரைக்கு வர வசதியற்றவர்களும் வீட்டிலிருந்தபடியே நான்கு ஆண்டுகள் வரலாறும் இலக்கியமும் அறிவியலும் படிக்கலாம் என்று அவர் அறிவித்தபோது, முதலாண்டிலேயே எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்லூரிக் கதவு பெண்களுக்கு அரிதாகவே திறந்த காலம் அது. வேலை முடிந்த மாலைகளில் சிற்றூர்ப் பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, படித்த பகுதியைப் பற்றி விவாதித்தனர். இத்தனை பேரின் கடிதங்களையும் கணக்குகளையும் கவனித்தவர் கேட் கிம்பால். பதினெட்டு வயதில் செயலாளர் பொறுப்பேற்று, 1917 இல் இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். நிறுவனர்களின் பெயரைச் சொல்லும் வரலாறுகள் இப்பெண்மணியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நமக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. 1882 இல் முதல் அணி படிப்பை முடித்தது. ஆண்டுக்கொரு முறை மட்டும் திறக்கும் பொன்வாயில் வழியே அவர்கள் நடந்து வர, சிறுமியர் மலர் தூவினர். அவ்வட்டம் இன்றும் நடைபெறுகிறது.

தோப்பைக் காத்ததும் கோடைவாசிகளே. 1913 இல் அவர்கள் தொடங்கிய பறவை, மர மன்றத்தைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவர், மில்லரின் மகளும் தாமஸ் எடிசனின் மனைவியுமான மைனா.

ஷட்டாக்வாவின் பெயரால் பிற ஊர்களிலும் கோடை அவைகள் முளைத்தன. 1904 முதல் கூடாரங்களோடு ஊர் ஊராகச் செல்லும் வணிகக் குழுக்களும் கிளம்பின. இவற்றில் ஒரு கசப்பு உண்டு. இத்தனை சீட்டுகள் விற்போம் என்று உள்ளூர்க் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். விற்காவிட்டால் நட்டம் அவர்கள் தலையில். அறிவு வேண்டும் என்ற ஆசையையே பிணையாகப் பிடித்த ஏற்பாடு அது. வானொலியும் மோட்டார் வண்டியும் வந்தபின், 1930களின் தொடக்கத்தில் கூடாரங்கள் மறைந்தன.

1896 கோடையில் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் ஏரிக்கரையில் ஒரு வாரம் தங்கினார். குற்றமில்லை, வறுமையில்லை, மதுக்கடையில்லை, எங்கும் இசையும் சொற்பொழிவும். எல்லாவற்றையும் வியந்துவிட்டு வெளியே வந்தவருக்குப் பெருமூச்சு வந்தது. இத்தனை சாதுவான உலகில் உயிர்த்துடிப்பு ஏது, இதை ஈடுகட்ட ஒரு படுகொலையே நிகழ்ந்தாலும் தேவலையே என்ற பொருள்பட எழுதினார். பெரிய மனிதரின் அந்த வாக்கியத்தை 2022க்குப் பின் படிக்கும்போது மனம் கூசுகிறது. அது மிகைக்காகச் சொன்னது என்பதை அறிவோம். ஆனாலும் அவர் பார்க்கத் தவறியது ஒன்றுண்டு. அந்தப் பெஞ்சுகளில் அமர்ந்திருந்தவர்கள், விடுமுறையைச் சொற்பொழிவுக்காகச் செலவழித்த பள்ளி ஆசிரியைகளும் சிற்றூர்க்காரர்களும். உயிர்த்துடிப்பு இல்லாமலா வந்தார்கள்?

ருஷ்டி அன்று பேச வந்தது, நாடிழந்த எழுத்தாளர்களுக்குப் புகலிடம் தருவது பற்றி. நெறியாளராக அருகில் இருந்த ஹென்றி ரீஸ், பிட்ஸ்பர்க்கில் அத்தகைய புகலிடமொன்றை நிறுவியவர். அவரும் தாக்குதலில் காயமுற்றார். காவலர் மட்டுமல்லர், கேட்க வந்திருந்தவர்களும் மேடைமீது பாய்ந்தேறித் தாக்கியவனை அமுக்கினர். அவர்களிடையே இருந்த மருத்துவர்கள் குருதி வழிந்த உடலைக் கையால் அழுத்திப் பிடித்தனர். ருஷ்டி ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஓராண்டுக்குப் பின், பருவம் முடிந்து வெறுமையாகக் கிடந்த அதே அரங்கத்துக்கு மனைவியோடு திரும்பிச் சென்று, தாம் விழுந்த இடத்தில் நின்றார். 2024 இல் வெளிவந்த 'கத்தி' நூலில் அதை எழுதியிருக்கிறார்.