டெக் ஷீட் சிலாப்: கணக்குக்கு முன் பார்க்கவேண்டியது

உருக்குச் சட்டகக் கட்டடங்களில், பலகை அடிப்பதற்குப் பதிலாக நெளிவுள்ள மெல்லிய உருக்குத் தகட்டை விரித்து அதன்மேல் கொங்கிரீட் போடுகிறார்கள். இதைத்தான் டெக் ஷீட் என்கிறோம். ஈரக் கொங்கிரீட்டைத் தகடு தனியே தாங்கும். கொங்கிரீட் இறுகிய பின்னர் அதே தகடு சிலாப்பின் அடிக்கம்பியாக வேலை செய்யும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று விட்டு வழுக்கக்கூடாது.

பெரும்பாலான சிலாப்புகளின் பலத்தைத் தீர்மானிப்பது இந்தப் பிடிப்புத்தான். தகட்டில் அழுத்தப்பட்ட சிறு புடைப்புகள் தரும் பிடிப்பைப் பரிசோதனையால்தான் அறியலாம். அதற்கு ஐரோப்பிய நியமமான யூரோகோட் 4 இரண்டு முறைகளைத் தருகிறது.

முதலாவது எம்-கே முறை. 1970களில் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் போர்ட்டர், எக்பேர்க் ஆகியோர் செய்த ஆய்வுகள் இதற்கு அடிப்படை. வெவ்வேறு நீளங்களில் மும்மூன்றாக ஆறு சிலாப்புகளை உடைத்து, முடிவுகளை வரைபில் குறித்து ஒரு நேர்கோடு வரைவார்கள். கோட்டின் சரிவு எம், வெட்டுத்துண்டு கே. கணக்கு இலகுவானது. ஆனால் புடைப்பின் பிடிப்பையும் தாங்கியில் ஏற்படும் உராய்வையும் அது பிரித்துக் காட்டாது. மேலதிகக் கம்பியின் பங்கையும் நேரடியாகச் சேர்க்கமுடியாது.

இரண்டாவது பகுதி இணைப்பு முறை. தொடுபரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் எவ்வளவு விசையைக் கடத்தும் என்று கண்டறிந்து, தாங்கியிலிருந்து உள்ளே செல்லச்செல்லத் தகடு எடுக்கும் இழுவையைக் கணிக்கிறது. மேலதிகக் கம்பி, சட்டத்தில் பற்றவைத்த ஸ்டட் ஆகியவற்றின் பங்கையும் சேர்க்கலாம்.

இதை எல்லாத் தகட்டுக்கும் பயன்படுத்தமுடியாது. முனையில் 0.1 மில்லிமீற்றர் வழுக்கல் தெரிந்த சுமையைவிட உடையும் சுமை 10 வீதத்துக்கு மேல் கூடுதலாக இருக்கவேண்டும். அப்படியானால் சிலாப் முன்னெச்சரிக்கை தந்தே உடைகிறது. இல்லாவிட்டால் எம்-கே முறை மட்டுமே பொருந்தும். அதிலும் பரிசோதனைப் பெறுமானத்தை 20 வீதம் குறைத்தே எடுக்கவேண்டும்.

ஆகவே, வரைபடம் ஒன்று கைக்கு வந்தால், எந்த முறையில் கணித்தார்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்தத் தகட்டின் பரிசோதனை அறிக்கை என்றுதான் கேட்பேன். ஒரு தகட்டின் எம், கே இன்னொன்றுக்குப் பொருந்தாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் புடைப்பின் ஆழம் மாறினால் பிடிப்பும் மாறிவிடும். விலை குறைவென்று இடையில் தகட்டை மாற்றினால், கொங்கிரீட் போடும் நாளில் ஒன்றும் தெரியாது. ஆட்களும் பொருட்களும் ஏறிய பிறகுதான் தெரியவரும்.