டிக்கி கோலியே சார்!

தில்லியில் மாலுக்குக் காரில் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். டிக்கியைத் திறந்தால் காவலாளி உள்ளே ஒரு பார்வை பார்ப்பார் (என் வண்டியில் ஒரு பழைய குடையும் இட்லி அரிசி மூட்டையும்தான் இருக்கும்). இன்னொருவர் நீளக் கம்பியில் பொருத்திய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விடுவார். அப்புறம் மெட்டல் டிடெக்டர் வாசல், பைக்கு எக்ஸ்ரே, பெண்களுக்குத் திரை போட்ட தனி இடம். சலித்துக்கொள்ளாதவர் உண்டா? நானும் சலித்துக்கொண்டவன்தான்.

ஆனால் பாங்கில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விதியைப் பார்த்தாலும், என்ன நடந்த பிறகு இது வந்திருக்கும் என்று யோசிப்போம். மால் வாசலை அப்படிப் பார்த்தால், மால்கள் வருவதற்கு முன்பே கதை ஆரம்பித்துவிடுகிறது.

1985 மே மாதம் தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் பஸ்களிலும் பொது இடங்களிலும் டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வெடித்தன. ஆசையாக எடுத்து முடுக்கியவர்கள் செத்தார்கள். சீட்டுக்கு அடியில் பாருங்கள், குண்டு இருக்கலாம் என்று தில்லி பஸ்களில் எழுதிவைத்த காலம் அதற்குப் பிறகு வந்ததுதான். கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்று இன்றைக்கும் மெட்ரோவில் கேட்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்தது வண்டி. 1993 மார்ச் 12 அன்று மும்பையில் வரிசையாக 12 குண்டுகள் வெடித்து 257 பேர் இறந்தார்கள். பங்குச்சந்தைக் கட்டடம், ஜவேரி பஜார், பிளாசா தியேட்டர்... பல இடங்களில் குண்டு இருந்தது காரிலும் ஸ்கூட்டரிலும். 1996 மே 21 அன்று தில்லி லாஜ்பத் நகர் மார்க்கெட்டில் ஒரு மாருதி கார் வெடித்து 13 பேர் போனார்கள். டிக்கியைத் திறக்கச் சொல்கிறவர் மேல் கோபம் வரும்போது எனக்கு இந்தக் கார்தான் ஞாபகம் வரும்.

மால்கள் வந்தது இதற்கெல்லாம் பிறகு. 1999-இல் தில்லியில் அன்சல் பிளாசா, மும்பையில் கிராஸ்ரோட்ஸ். வேடிக்கை என்னவென்றால், வாசலில் ஆள் நிறுத்தியபோது கிராஸ்ரோட்ஸ்காரர்களின் கவலை குண்டு இல்லை, கூட்டம்! கையில் செல்போனோ கிரெடிட் கார்டோ இருந்தால் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் கட்டணம் கட்டு என்றார்கள். எதிர்ப்பு வந்து அந்த விதி நிலைக்கவில்லை. ஆனாலும் ஆளைப் பார்த்து எடைபோடும் பழக்கம் அன்றே வாசலில் உட்கார்ந்துவிட்டது.

2002 நவம்பர் 3, தீபாவளிக்கு முந்தின நாள், அன்சல் பிளாசாவின் அடித்தளப் பார்க்கிங்கில் இருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தீவிரவாதிகள் என்றது போலீஸ். அது மோதலே இல்லை என்று ஒருவர் சாட்சி சொல்ல, விஷயம் தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது.

பிறகு 2005 அக்டோபர் 29. தீபாவளிக்கு மூன்றே நாள். சரோஜினி நகர், பஹாட்கஞ்ச், கோவிந்த்புரியில் ஒரு பஸ். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரோஜினி நகர் நம்மவர்கள் துணி எடுக்கும் மார்க்கெட். பக்கத்து லக்ஷ்மிபாய் நகரில் அப்போது குடியிருந்த மாமி ஒருவர் இன்றும் சொல்வார், பையனுக்குச் சட்டை எடுப்பதை நாளைக்குத் தள்ளிப்போட்ட கதையை. சொல்லும்போதெல்லாம் குரல் கம்மிவிடும்.

அன்று கோவிந்த்புரி பஸ்ஸில் கேட்பாரற்றுக் கிடந்த பையைக் கண்டுபிடித்தது எந்த மிஷினும் இல்லை. கூட இருந்த மனிதர்கள்தான். டிரைவர் பையை எடுத்து வெளியே வீசினார். பயணிகள் பிழைத்தார்கள், அவருக்குக் கண் போனது.

2008 செப்டம்பர் 13-இல் கரோல்பாக், கன்னாட் பிளேஸ், கிரேட்டர் கைலாஷ் மார்க்கெட்டுகளில் மறுபடி குண்டுகள். இரண்டு வாரம் கழித்து மெஹ்ரோலியில் பைக்கில் போனவர்கள் ஒரு பையைப் போட்டுவிட்டுப் போனார்கள். தவறி விழுந்துவிட்டது என்று நினைத்த ஒரு சிறுவன் அதை எடுத்துக் கொடுக்க ஓடினான். அந்தப் பிள்ளை செத்துப்போனான். யாராவது எதையாவது தவறவிட்டால் கூப்பிட்டுக் கொடு என்றுதானே நம் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம்? தொடாதே, தள்ளிப் போய்ப் பெரியவர்களிடம் சொல் என்று நான் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த அன்று மனசு என்னவோ போலாகிவிட்டது.

அதே நவம்பரில் மும்பைத் தாக்குதல். அதற்குப் பிறகு பெரிய ஓட்டல், மால் வாசல்களில் சோதனை இன்னும் இறுகியது.

சரி, வாசலில் நிற்பவர் யார்? தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு என்று 2005-இல் ஒரு சட்டம் வந்தது. நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும், காவலாளிக்குப் பயிற்சி வேண்டும். அடுத்த வருடம் வந்த மாதிரி விதிகளின் கணக்கு: வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி, குறைந்தது 20 வேலை நாள். போலீஸ் அதிகாரம் எதுவும் அவருக்குக் கிடையாது. ஷிஃப்ட் பல இடங்களில் 12 மணி நேரம். பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். நம்மைப்போலவே ஊரை விட்டு வந்தவர்தான், நமக்கு மட்டும் ஏ.சி. ரூம் கிடைத்தது.

போன மாதம் வாசலில் ஒருவர் என் பையைத் திறக்காமலே, போங்க சார் என்று கைகாட்டினார். பின்னால் வந்த செருப்புக்காலோடு இரண்டு பையன்களைத் தலை முதல் கால் வரை தடவினார். "அப்பா, நம்ம பையை ஏன் பார்க்கலை?" என்றாள் மகள். 1999-இன் அந்தப் பழைய சல்லடை இன்னும் போகவில்லை! முகத்தைப் பார்த்துப் பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

திரும்பிப் போய்ப் பையை நானே திறந்து காட்டினேன். அவர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். இப்போதெல்லாம் அவர் கோலியே என்பதற்குள் நானே டிக்கியைத் திறந்துவிடுகிறேன். குடையையும் அரிசி மூட்டையையும் பார்த்துவிட்டு ஜாயியே என்கிறார். நன்றி பையா என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறோம்.