மைக்ரோமால்திடே வண்டுக் குடும்பம்: வகைப்பாட்டு வரலாறு

மைக்ரோமால்திடே என்பது மட்கிய மரத்தில் வாழும் மிகச் சிறிய வண்டுகளின் குடும்பம். இன்று உயிருடன் இருப்பது மைக்ரோமால்தஸ் டெபிலிஸ் என்னும் ஒரே இனம். நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி இதன் தாயகம். தொலைபேசிக் கம்பங்களின் மரத்திலும் காணப்பட்டதால் 'தொலைபேசிக் கம்ப வண்டு' என்றும் அழைக்கப்படுகிறது. மரத்தோடு பயணித்துத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் வரை சென்றுள்ளது.

1878-இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஜான் லாரன்ஸ் லெகான்ட் இதை முதலில் விவரித்தார். வளர்ந்த வண்டின் மென்மையான உடலையும் குட்டையான முன்னிறக்கைகளையும் கொண்டு, லைமெக்சிலிடே போன்ற குடும்பங்களுடன் இதைச் சேர்த்து வந்தனர்.

1913-இல் ஹெர்பர்ட் பார்பர் இதன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். குடம்பிகள் (புழுக்கள்) வண்டாக மாறாமலேயே குட்டிகளை ஈனுகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. இவ்வண்டுக்கெனத் தனிக் குடும்பத்தையும் அவர் அமைத்தார்.

பின்னர் இறக்கை மடியும் முறையும் குடம்பியின் உடலமைப்பும் ஆராயப்பட்டன. தொன்மையான ஆர்க்கோஸ்டெமாட்டா துணைவரிசையே இதற்குரிய இடம் என்ற கருத்து எழுந்து, நீண்ட விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது. லெபனானில் கிரெட்டேசியக் கால அம்பரில் கிடைத்த குடம்பியும் இக்குடும்பத்தின் பழமையைக் காட்டுகிறது.

வளர்ந்த உருவத்தை மட்டும் பார்த்து ஒரு பூச்சியின் உறவுமுறையை முடிவு செய்ய இயலாது என்பதற்கு இவ்வண்டு நல்ல எடுத்துக்காட்டு.